மதகை அடைத்த சிரமதானம்

முதலில் கண்ணில் பட்டவை செதில்கள்தான். ஊறவைத்த மைசூர்ப் பருப்பை யாரோ கைதவறிச் சிந்திவிட்டுப் போனது போல, சீமெந்துத் தொட்டியின் விளிம்பில் செம்மஞ்சளாக ஒட்டிக்கொண்டிருந்தன. தொட்டியை மூடியிருந்த வலை ஒரு மூலையில் கிழிந்து தண்ணீருக்குள் தொங்கியது. வெயில் இன்னும் மலையைத் தாண்டி எங்கள் ஒழுங்கைச் சந்துக்குள் இறங்கவில்லை.

"எத்தின போச்சு எண்டு பாக்கவும் மனசு வருதில்ல தம்பி," என்றார் ஃபரீதா தாத்தா.

வெளியூர் வாசகர்கள் குழம்ப வேண்டாம். கண்டிப் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் இருக்கு என்பது ஈக்கி; அக்காவைத்தான் தாத்தா என்பார்கள். நானும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். கெலிஓயாவுக்குச் சற்று உள்ளே, எங்கள் வீட்டுக்கு அடுத்த வளவில் இருக்கிறார். கணவர் லொறி ஓட்டுகிறார். தாத்தா அழகு மீன் வளர்க்கிறார். கோய் மீன்கள். தொட்டிக்குள் கையை விட்டால் விரலைச் சப்பும்.

"புள்ள பசிச்சாக் கத்தும். மீன் பசிச்சா வாயத் தொறந்து சிரிக்கும். அதனால மீன் வளக்கிறதுதான் லேசு," என்று எப்போதும் சொல்வார். அன்றைக்கு அந்தப் பேச்சைக் காணவில்லை.

போன வாரப் பத்தியில், கட்டுகஸ்தோட்டைக் கடையில் வயரிங் செய்யும்போது எனக்கு ஷோக் அடித்த கதையைப் படித்துவிட்டு, "இன்னும் எத்தனை கிழமைக்கு இந்த மனுசன் வயரிலேயே தொங்கப் போகிறார்?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். இந்தக் கிழமையும் வயர்தான் அம்மா. ஆனால் இது நான் இழுக்காத வயர்.

"வேலியச் சுத்தி ஒரு கம்பி இழுங்க தம்பி," என்றார் தாத்தா. "வீட்டு லைன்ல இருந்து கரண்ட் குடுங்க. வந்தா படட்டும்."

"தாத்தா, அது பூனைக்கும் ஒண்ணுதான், தபால் கொண்டு வர்றவருக்கும் ஒண்ணுதான். கரண்டுக்குக் கண்ணு கெடையாது."

"கண்ணில்லாட்டி நல்லம். எனக்கு அதுட மூஞ்சியப் பாக்கத் தேவல்ல."

"பொலிசு வந்தா?"

"என்ட மீனத் திண்ட நேரம் பொலிசு வந்துச்சா?"

அவர் பயப்பட்டது இந்தத் தொட்டிக்காக அல்ல. வளவின் கடைசியில், ஓடைக்கரையை ஒட்டி, ஒரு மண் குளம் வைத்திருந்தார். தாய் மீன்கள் அதில்தான். சினையோடு இருந்தன. பிடித்து இடம் மாற்றினால் சினை கலைந்துவிடும். அவ்வளவு பெரிய குளத்தை மூடவும் முடியாது. அந்தத் தாய் மீன்கள் போனால் குஞ்சு இல்லை. குஞ்சு இல்லாவிட்டால் அத்தனை வருடமாக அவர் கட்டி எழுப்பிய தொழிலே இல்லை.

"தொட்டிக்கெல்லாம் இரும்பு வலையில மூடி செஞ்சு தர்றேன். கம்பி மட்டும் வேணாம்," என்றேன்.

"குளத்துக்கு?"

நான் திரும்பி ஓடைப் பக்கம் பார்த்தேன்.

"நீங்க போடாட்டி, கம்பளை டவுன் பக்கம் ஒரு ஆள் ஈக்கி. போட்டுத் தருவாராம்," என்று சொல்லிவிட்டு, அவர் வலையைத் தண்ணீரிலிருந்து இழுத்து எடுத்தார்.

சீலிங்கில் குடியிருப்போர்

நான் பள்ளிக்கூடம் கொஞ்சம்தான் போனவன். வயரிங் படித்தது உடைந்த அயன்பொக்ஸ்களைக் கழற்றிப் பூட்டி. மற்றதெல்லாம் படித்தது, போகிற வீடுகளில் பால் இல்லாத பிளேன்டி குடித்துக்கொண்டு மனிதர் பேசுவதைக் கேட்டு.

மிருகங்களைப் பற்றி நான் அறிந்ததும் அப்படித்தான். காட்டுக்குப் போய்ப் பார்த்ததில்லை. சீலிங்குக்கு மேலே ஏறிப் பார்த்தேன்.

மடவளையில் ஒரு வீடு. அறை விளக்கு எரிவதும் அணைவதுமாக இருக்கிறது என்று கூப்பிட்டார்கள். ஏணி போட்டு ஏறி, சீலிங் பலகையைத் தள்ளித் தலையை நுழைத்தேன். ரம்பை இலை போட்டுச் சோறு வடித்தது போல ஒரு வாசம். டோர்ச்சைத் திருப்பினால், நான்கு கண்கள். ஒரு மரநாயும் அதன் குட்டியும். இரண்டும் பழைய சாக்கில் படுத்துக்கொண்டு, கூப்பிடாமல் வந்த விருந்தாளியைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தன.

நான் இறங்கின வேகத்தைப் பார்த்து வீட்டுக்கார ஹாஜியார் சிரித்தார். "பயப்படாதீங்க. அவங்க மேல் மாடி, நாங்க கீழ் மாடி. எலி ஒண்டும் இல்ல இப்ப. வாடகை மட்டும்தான் வருதில்ல."

பல்லேகலவில் தொழிற்சாலைகளுக்குப் பின்னால் ஒரு வீட்டுக்கு வயரிங் செய்யப் போனபோது, அந்த வீட்டம்மா சிங்களத்தில் சொன்னார்: விடியற்காலையில் வேலை முடிந்து போகிற ஆட்களும், வீட்டுக்குத் திரும்புகிற நரிகளும் ஒரே நேரத்தில்தான் பாதையைக் கடப்பார்களாம். "இரண்டு பேருக்கும் நைட் ஷிப்ட்தானே," என்றார்.

தேயிலைத் தோட்டத்து வரிசை வீட்டில், லயத்தில், நான் வளர்ந்த காலத்தில் சிறுத்தை வந்து நாயைத் தூக்கிப் போனால், "பெரியவர் வந்துட்டுப் போயிருக்காரு" என்பார்கள். வேறெதுவும் சொல்ல மாட்டார்கள். மிச்ச நாய்களை மட்டும் உள்ளே கட்டுவார்கள்.

ஆனால் பன்றிக்கென்று போட்ட சுருக்குக் கம்பியில் அதே பெரியவர் மாட்டிக்கொண்டு ஒரு நாள் முழுக்க உறுமியதையும் கேட்டிருக்கிறேன். இன்றைக்கும் மலைநாட்டிலிருந்து அந்த மாதிரிச் செய்தி வரும்போது நான் பேப்பரை மடித்து வைத்துவிடுவேன். கம்பி என்றால் எனக்கு அந்தச் சத்தம்தான்.

சரி, மீனுக்கு வருவோம்.

திருடனுக்கு ஆள் தேடியது

ஒழுங்கை முழுக்க ஆளுக்கொரு திருடன். என் மனைவி செல்வி, நீர்நாய் என்றாள். பால் கொண்டு வருகிறவர், மனிதன்தான் என்றார். அதுவும் மீன் தெரிந்த மனிதன் என்று ஒரு மாதிரிப் பார்த்தார்.

எதிர் வீட்டு ரத்னே ஐயா, சிங்கள ஆள், ஓடைக்கு அந்தப் பக்கத்து வயலுக்குச் சொந்தக்காரர். அவர் சேற்றில் கால் தடத்தைப் பார்த்துவிட்டுப் பாதை நடுவில் நின்று என்னிடம் சொன்னார். "திவியா! சின்ன திவியா. குட்டி வந்தா அம்மா தூரம் இல்லை, வேலு."

திவியா என்றால் சிறுத்தை. அவ்வளவுதான். அன்று மாலையே பிள்ளைகளை முற்றத்தில் விளையாட விடவில்லை. ட்யூஷனுக்கு ஓட்டோ பிடித்தார்கள். கம்பி வேண்டும் என்று கேட்டவர் ஒருவராக இருந்தது போய், இப்போது நான்கு வீட்டுக்காரர் கேட்டார்கள். ஃபரீதா தாத்தாவின் கை ஓங்கிவிட்டது.

"இப்ப என்ன சொல்றீங்க?" என்று வேலிக்கு மேலால் கேட்டார்.

"யாருன்னு தெரியட்டும் தாத்தா. தெரியாம யாருக்குக் கம்பி போடுறது?"

"தெரிஞ்சா போடுவீங்களா?"

இந்த மனுசியிடம் பேசி வெல்ல முடியாது. "தர்சினி வரட்டும்," என்று மட்டும் சொன்னேன்.

தர்சினி யாழ்ப்பாணத்துப் பிள்ளை. பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். தேயிலை, வயல், வீட்டுத்தோட்டம், பைனஸ் மரக் காடு என்று துண்டு துண்டாகக் கிடக்கிற எங்கள் மாதிரி இடங்களில், இறைச்சி தின்கிற மிருகங்கள் எங்கே தங்கி, எந்த வழியாகப் போய்வருகின்றன என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. அதற்காக என் வளவின் பலா மரத்தில் ஒரு கமரா கட்டியிருந்தாள். ஏதாவது அசைந்தால் அது தானாகப் படம் பிடிக்கும். கட்டிப் பல மாதம் ஆகியிருந்தது. அது பார்த்துக்கொண்டிருந்தது பாதைக்கு அடியில் ஓடை நுழைகிற மதகை.

அவள் கட்டும்போது நான் கேட்டேன்: "இங்க என்ன பிள்ள இருக்கு, தவளையத் தவிர?"

"பாப்பம் அண்ணை. இல்லாட்டி, இல்லை எண்டும் எழுதலாம்தானே," என்றாள். எனக்கு அந்தப் பேச்சு பிடித்துப்போயிற்று.

ஓடைக்கு முடி வெட்டினோம்

கதையை இங்கே கொஞ்சம் பின்னால் இழுக்க வேண்டும்.

மீன் போவதற்குச் சில கிழமைகளுக்கு முன் எங்கள் ஒழுங்கையில் சிரமதானம், ஊரே கூடிச் செய்யும் துப்புரவு வேலை, நடந்தது. டெங்குக் காலம். சுகாதாரப் பரிசோதகர் வரப்போகிறார் என்று செய்தி. எங்கள் ஆட்களுக்கு ஒரு குணம் உண்டு: சும்மா இருந்தால் சும்மா இருப்போம், சிரமதானம் என்று இறங்கினால் நிறுத்தத் தெரியாது.

சிரட்டை, டயர், யோகட் கோப்பை பொறுக்கத்தான் தொடங்கினோம். பத்து மணிக்குள் அது முடிந்துவிட்டது. கையில் கத்தி இருக்கிறது, ஆள் இருக்கிறது, ஃபரீதா தாத்தா வீட்டில் சோறு வேகிற வாசம் வருகிறது. யார் வீட்டுக்குப் போவார்? ஓடைக்கரையில் இறங்கினோம். பாதையிலிருந்து ஆற்றுப் பக்கம் வரை, ஆள் உயரப் புல், காட்டு ஏலம், மூங்கில் புதர், கொடி எல்லாவற்றையும் வெட்டிச் சாய்த்தோம். கடைசியில் அந்த ஓடை, முதல் நாள் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை மாதிரி, காது தெரிய முடி வெட்டிக்கொண்டு நின்றது.

பரிசோதகர் வந்தார். "இப்படி ஒரு ஓடையை இந்தப் பக்கத்திலேயே நான் பார்த்ததில்லை," என்றார். நாங்கள் எல்லோரும் கொஞ்சம் உயரமாக நின்றோம்.

தாத்தா வீட்டு மேசையில்

தர்சினி வந்தது ஒரு பிற்பகலில். கமராவிலிருந்து கார்ட்டை எடுத்துக்கொண்டு வந்தவளை, ஃபரீதா தாத்தாவே கையைப் பிடித்து உள்ளே அழைத்துப்போய், கதிரை இழுத்துப் போட்டார். ரத்னே ஐயாவும் வந்தார். மேசையில் லேப்டொப். பக்கத்தில் ஒரு தட்டில் வட்டிலப்பம், தேங்காய்ப்பால் இனிப்பு. கோபத்திலும் அவர் வீட்டில் வெறும் மேசையைப் பார்க்க முடியாது.

முதலில் வந்த படங்களில் ஒரு லுங்கிச் சாரமும் இரண்டு கால்களும். அடுத்ததிலும் அதே கால்கள். அதற்கடுத்ததிலும்.

"இது என்ன மிருகம்?" என்றார் தாத்தா.

"வேலு அண்ணைதான். கமராவில கனக்க விழுந்தது அவர்தான்," என்றாள் தர்சினி.

பிறகு வந்தது ஒரு படம். மதகின் வாயில், தண்ணீர் ஓரத்துக் கல்லில், குட்டையான கால்களோடு ஒரு பெரிய பூனை. சாம்பல் உடம்பு, வரிசை வரிசையாகப் புள்ளி, கட்டை வால்.

"திவியா!" என்று ரத்னே ஐயா எழுந்தேவிட்டார்.

"இல்லை ஐயா. இஞ்ச வாலைப் பாருங்கோ, எவ்வளவு கட்டை. சிறுத்தைக் குட்டிக்கு நீளமா இருக்கும். உது மீன்பிடிப் பூனை. நீங்கள் சிங்களத்தில ஹந்துன் திவியா எண்டு சொல்லுறது."

ரத்னே ஐயா மெல்ல உட்கார்ந்தார். "பேரிலே திவியா இருக்குத்தானே," என்றார். தோற்றுப்போனாலும் அரைவாசியாவது வென்றுவிட வேண்டும் அவருக்கு.

அடுத்தடுத்த படங்களிலும் அதே பூனை. போகும்போது ஒரு படம், வரும்போது ஒரு படம். மலையில் பைனஸ் காட்டுக்குக் கீழே உள்ள கைவிட்ட தேயிலையில் பகலில் படுத்திருக்கும்போல என்றாள் தர்சினி. ஓடைக்கரைப் புதருக்குள்ளாலேயே இறங்கி, மதகு வழியாகப் பாதைக்கு அடியில் நுழைந்து, ரத்னே ஐயாவின் பாழ் வயலில் நண்டும் எலியும் தின்று, ஆற்றோரம் வரை போய்த் திரும்பும்.

எனக்கு அப்போதுதான் அது விளங்கியது, என் தொழில் பாஷையில். வீட்டுக்குள் வயர் எப்படிப் போகிறது? சுவருக்குள் குழாய் பதித்து அதற்குள்ளால். யாருக்கும் தெரியாது, ஆனால் முன்னறைச் சுவிட்சைப் போட்டால் குசினியில் விளக்கு எரியும். எங்கள் ஓடைப் புதர் அந்தக் குழாய். மலைக்கும் ஆற்றுக்கும் நடுவில் இத்தனை வீடு, பாதை, வேலி இருந்தும், இந்தப் பூனை எங்களில் ஒருவர் கண்ணிலும் படாமல் அதற்குள்ளால் வாழ்ந்திருக்கிறது.

"இவ்வளவு காலமும் என்ட குளத்துக்குப் பக்கத்தாலயா போயீக்கி?" என்றார் தாத்தா.

"ஓம் தாத்தா. எல்லாப் படமும் மீன் களவு போறதுக்கு முதல் எடுத்தது."

"அப்ப ஏன் இப்ப மட்டும்?"

தர்சினி அடுத்த படத்தைத் தட்டினாள். மதகின் வாயைக் காணவில்லை. அந்த இடத்தில் ஒரு குப்பை மலை: வெட்டிய மூங்கில், தென்னோலை, கொடி, வாழைத்தண்டு. அதற்கு முன்னால் அந்தப் பூனை நின்றுகொண்டிருந்தது. பின்னங்கால்களை ஊன்றி, தலையை நீட்டி, குவியலை முகர்ந்தபடி. அடுத்த படத்தில் அது பாதைக்கு ஏறும் சரிவில், மறைவு எதுவும் இல்லாத மொட்டைத் தரையில், வயிறு மண்ணில் உரச ஓடியது. அதற்குப் பிறகு பூனைப் படமே இல்லை. நாய்களும் என் கால்களும்தான்.

யாரும் பேசவில்லை.

"நான்தான் போட்டது," என்றார் ரத்னே ஐயா. "காயவிட்டு நெருப்பு வைக்க. பிறகு மழை வந்தது தானே."

"நீங்க மட்டுமா போட்டீங்க?" தாத்தா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அந்த வாழத்தண்டு என்ட. சோத்துக்கு எல வெட்டிட்டு, இந்தாங்க இதையும் கொண்டு போங்க எண்டு நான்தான் குடுத்தது." பிறகு கன்னத்தில் கையை வைத்துக்கொண்டார். "அல்லாஹ்வே. அதுட ரோட்ட மறிக்கிறதுக்கா அத்தன பேருக்கும் சோறாக்கினேன்?"

மதகில் வழி இல்லை. பாதைக்கு மேலால் ஏறிக் கடந்தால், இறங்குகிற இடம் நேராகத் தாத்தாவின் வளவு. இறங்கின பூனையார் மூக்கின் முன்னால் தொட்டி. வேறு என்ன செய்வார்?

ஆனால் ஃபரீதா தாத்தா இரக்கத்தில் தொழிலை விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை. உடனே நிமிர்ந்தார். "செரி மகள். வழியத் தொறந்து உட்டா, என்ட மீனத் தொடாது எண்டு நீங்க சொல்ல ஏலுமா?"

தர்சினி கொஞ்சம் யோசித்தாள். "ஏலாது தாத்தா. அது இனி உங்கட மீனின்ர ருசியைக் கண்டிட்டுது. ஆனா வழி இருந்த காலம் முழுக்க அது உங்கட பக்கம் திரும்பேல்லை. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

பொய் சொல்லியிருந்தால் தாத்தா நம்பியிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

"அடுத்த பௌர்ணமிப் போயா வரைக்கும் பாக்குறேன்," என்றார். "அதுக்குள்ள என்ட தாய் மீன் ஒண்டு போனாலும், கம்பளயால ஆள் வரும். பொறகு ஒருத்தரும் வாய் தொறக்கப் படாது. வட்டிலப்பத்தத் தின்னுங்க."

இரண்டாம் சிரமதானம்

அடுத்த ஞாயிறு காலை மறுபடியும் ஒழுங்கையே இறங்கியது. இம்முறை வெட்டுவதற்கு அல்ல, வெட்டியதை அப்புறப்படுத்துவதற்கு. மதகின் வாயிலிருந்து மூங்கிலை இழுத்தோம். அழுகின வாழைத்தண்டு கையில் கூழாக வந்தது. உள்ளே தேங்கி நின்ற தண்ணீர் ஒரு பெரிய ஏப்பம் விட்டுக்கொண்டு அந்தப் பக்கம் பாய்ந்தது. டெங்கு நுளம்பு ஒழிக்கச் செய்த சிரமதானத்தில் நுளம்புக்கே குளம் கட்டியிருக்கிறோம் என்று செல்வி சொல்ல, எல்லோரும் சிரித்துவிட்டு, பிறகு கொஞ்சம் வெட்கப்பட்டோம்.

இழுத்த கிளைகளை எரிக்கவில்லை. தர்சினி சொன்னபடி, ஓடையின் இரு கரையிலும் சிறு சிறு குவியலாகப் பரப்பினோம். புல் வளரும் வரை மறைவு. ரத்னே ஐயா தன் பக்கத்துக் கரையில் இனிக் கத்தி வைப்பதில்லை என்றார். "வயல் சும்மாதானே இருக்கு. பூனை வந்து எலி தின்னட்டும். எனக்கும் லாபம்."

மண் குளத்துக்கும் ஓடைக்கும் நடுவில் தகரம் அடித்தேன். சரிவில் பூனை இறங்கிய இடத்தில் முள் மூங்கில் நிறுத்தினோம். தொட்டிகளுக்கு இரும்பு வலை மூடி. கரண்டுக்காரன் கையில் அந்தக் கிழமை முழுக்கச் சுத்தியலும் ஆணியும்தான்.

பிறகு காத்திருப்பு. காலையில் பல் விளக்கிக்கொண்டே வேலிப் பக்கம் போய் நிற்பேன். தாத்தா குளத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, தலையை இல்லை என்று ஆட்டுவார். எங்களுக்குள் அதுதான் அந்நாட்களில் காலை வணக்கம்.

போயாவுக்கு முன்னதாகவே குளத்து ஓரத்து நீர்ச்செடியில் சவ்வரிசி போல முட்டை ஒட்டியிருந்தது. தாத்தா செல்வியைக் கூப்பிட்டுக் காட்டினார். செல்வி என்னைக் கூப்பிட்டாள். நான் ரத்னே ஐயாவைக் கூப்பிட்டேன். ஒழுங்கையே வந்து மீன் முட்டையைப் பார்த்துவிட்டுப் போயிற்று. பிள்ளைகள் திரும்ப முற்றத்தில் பந்தடித்தார்கள்.

கமராவிலும் பூனை வந்தது. மதகின் வாயில், அதே கல்லில். கம்பளை ஆளைப் பற்றி யாரும் பேசவில்லை.

ஏணி பிடித்தவர்

மழை வந்து போய், ஓடைப் புல் இடுப்பளவு வந்துவிட்ட பிறகு, ஒரு பின்னேரம் தாத்தாவின் போன்.

"தம்பி, ஒரு மீன் போயிட்டு."

"தாயா?"

"இல்ல, நடுத்தரம். குளத்துல இருந்துதான். நீங்க ஏணியையும் சாமானையும் எடுத்துக்கொண்டு வாங்க."

ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்த அந்தக் கொஞ்சத் தூரத்தில், என்னென்ன சொல்லலாம் என்று மனதுக்குள் அடுக்கிக்கொண்டே போனேன். ஒன்றும் சரியாக வரவில்லை. அவருடைய மீன், அவருடைய வளவு. எத்தனை மாதம் பொறுத்தார்!

தாத்தா பின் சுவர் அருகில் இடுப்பில் கை வைத்து நின்றார். சுவரின் உச்சியில் புதிதாக ஒரு பெரிய எல்.ஈ.டி. விளக்கு. முந்தின கிழமை வந்த மருமகன் மாமிக்குப் பாதுகாப்பென்று மாட்டிவிட்டுப் போனதாம்.

"இதத் திருப்பி வைங்க," என்றார்.

"எதை?"

"இந்த லைட்ட. நேரா மதகுட வாயிலதான் அடிக்கிது. மூஞ்சில டோர்ச் அடிச்சா ஒங்களுக்கு வழி தெரியுமா? அதான் தெகச்சிப் போய் இஞ்சால ஏறி ஈக்கி. குளத்துப் பக்கம் திருப்பி உடுங்க."

நான் ஏணியைச் சாய்த்தேன். அவர் அடியில் பிடித்துக்கொண்டார். மஃரிப் பாங்குக்கு, அந்தித் தொழுகை அழைப்புக்கு, இன்னும் சற்று நேரம் இருந்தது. ஓடைப் பக்கம் ஏற்கெனவே மங்கிவிட்டது.

"இன்னும் கொஞ்சம்," என்றார் கீழேயிருந்து. "இன்னும். ஆ, போதும், என்ட தாய் மீனுக்குக் கண் கூசாம."

சுவிட்சைப் போட்டுப் பார்த்தோம். வெளிச்சம் குளத்தின் மேல் விழுந்தது; நூற்றுக்கணக்கான குஞ்சுகள் திடுக்கிட்டுக் கலைந்து மறுபடி கூடின. புல்லுக்கு நடுவே மதகின் வாய் தெரியவேயில்லை. அங்கே நல்ல இருட்டு.

தாத்தா ஏணியை விடாமல் அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"செரி," என்றார். "இனிப் போகட்டும்."